வடிச்ச தண்ணி

ஏனம்மிணி, அந்தக் கவரை மடியிலேயே வெச்சுக்கோ. மேலே கம்பியிலே சொருகினா, இவன் பிரேக் போடுற போடுக்கு மடங்கிப் போயிரும். ஸ்கேன் படம் மடங்கினா டாக்டருங்களுக்குப் பிடிக்காது. எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறயா? அந்தப் பச்சைக் கோடு போட்ட கவர் எங்க வீட்டு அட்டாலியிலே மூணு கெடக்குது. ஒரே ஆஸ்பத்திரிதான். எத்தனாவது மாடி? ரெண்டாவதா? அப்போ சுரப்பி பார்க்கிற மாடி. அம்மாவுக்கா? தைராய்டா. அட, அதுக்கு எதுக்கு மொகத்தை இப்படி வெச்சிருக்கிறே. எங்க நார் மில்லிலே அஞ்சு பொம்பளைகளுக்கு இருக்குது. வெடியால வெறும் வயித்திலே ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வந்து, நாள் முழுக்க நார் உதறிட்டுப் போறாங்க.

நானும் அந்த மாடிக்குத்தான். எனக்கு ஒண்ணும் இல்லை, கல்லு மாதிரி இருக்கேன். அங்கே ஒரு டாக்டர் இருக்காரு, சின்ன வயசு, தடிச்ச பிரேம் போட்ட கண்ணாடி. உங்க அம்மாவையும் அவர்தான் பார்ப்பாரு. அவர்கிட்டே ஒரே ஒரு வார்த்தை கேட்கோணும், அவ்வளவுதான்.

இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. சொல்றேன், கேளு. நீ பதில் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

என் வீட்டுக்காரரோட தங்கச்சி தமயந்தி. அவ மகள் ஒருத்தி, மோகனா. திருப்பூரிலே பனியன் கம்பெனியிலே கணக்கு எழுதற வேலை, அங்கேயே ஹாஸ்டல். பதினொரு மாசமாச்சு, அந்தப் பிள்ளை என் கையிலே ஒரு தம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கலை. அவ அம்மா செத்து, எடுத்த மூணாம் நாள் நான் சோறு ஆக்கி இலை போட்டேன். எந்திரிச்சுப் போய்க் கடையிலே பன்னு வாங்கித் தின்னுட்டு வந்தாள். சண்டை போட்டாலும் தேவலை. ஒரு வார்த்தை கோவமாப் பேசினது கிடையாது. மாசம் ஒருக்கா வருவாள், 'நல்லா இருக்கீங்களா அத்தை'ம்பாள், பையிலே இருந்து பாட்டிலை எடுத்து அவ கொண்டு வந்த தண்ணியைக் குடிப்பாள். நான் பார்க்கோணும்னே எடுத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும். நான் என்னம்மிணி பண்ணினேன்? அவ அம்மாளைப் பச்சைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஊரே சொல்லும்.

அதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லோணும். அவரைச் சொல்லாம தமயந்தியைச் சொல்ல முடியாது.

ஆறுச்சாமின்னு பேரு. உசிரோட இருந்தப்போ வாயிலே சொன்னதில்லை, போனப்புறம் என்ன. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் போடுறவர். தொரட்டியைத் தோளிலே சாய்ச்சுட்டு நடந்தாருன்னா பஸ்ஸே ஒதுங்கிப் போகும். அந்த மனுஷனுக்குக் கால் வீங்குச்சு, சோர்வா இருக்குதுன்னார். எங்க ஊர் டாக்டர் ஒரு ஊசியைப் போட்டுட்டு, தினம் ரெண்டு எளநி குடிங்க, தெம்பு வரும்னு அனுப்பிச்சார். தேங்காய் போடுறவருக்கு எளநிக்கா பஞ்சம். குடிச்சார். பத்து நாள் கழிச்சு மூச்சு வாங்கி, டவுனுக்குக் கொண்டு போனா, அங்கே இருந்த டாக்டரம்மா என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. ரெண்டு கிட்னியும் போச்சு, ஒடம்பிலே பொட்டாசியம் ஆறரை இருக்குது, யாரும்மா எளநி குடுக்கச் சொன்னது, நெஞ்சு நின்னு போயிருந்தா என்ன பண்ணுவேன்னு. அன்னிக்குத்தான் அந்தப் பேரை முதல் தடவையாக் கேட்டேன். பொட்டாசியம். எனக்கு அது ஏதோ ஒரு ஆளோட பேரு மாதிரி இருந்தது. வீட்டுக்குள்ளே பூந்து மூலையிலே உட்கார்ந்துட்டு, போக மாட்டேங்கிற ஆளு.

அதுக்கப்புறம் வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். அங்கே ஜெசிந்தான்னு ஒரு சிஸ்டர். அதுதான் எனக்குப் பக்குவம் சொல்லிக் குடுத்தது. எந்தக் காயா இருந்தாலும் பொடிசா அரிஞ்சு, வெதுவெதுப்பான தண்ணியிலே ரெண்டு மணி நேரம் ஊறப் போடோணும். அந்தத் தண்ணியைக் கொட்டிப் போடோணும். வேற தண்ணி ஊத்தி வேக வெச்சு, அதையும் வடிச்சுக் கொட்டோணும். அதுக்கு மேலேதான் தாளிப்பு. வாழைப்பழம் ஆகாது, எளநி ஆகாது, கீரை ஆகாது, தக்காளி தொட்டுக்க மட்டும். நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான். பள்ளிக்கூடத்திலே வாத்தியார் சொன்னது ஒண்ணும் ஏறலை. இது ஏறுச்சு. கை தானாப் போகும். புதுசா வர்ற பொம்பளைகளை எல்லாம் அந்த சிஸ்டர் என் பக்கம் காட்டி, 'மயிலாத்தாகிட்டே கேட்டுக்கங்க'ன்னு சொல்லும். என் ஆயுசிலே ஒருத்தர் என்னைக் காட்டி இன்னொருத்தரைக் கத்துக்கச் சொன்னது அந்த ஒண்ணுக்குத்தான்.

மூணு வருஷம் இழுத்துப் பிடிச்சேன். ஆறரை அஞ்சரையாச்சு, அஞ்சாச்சு. அந்த நம்பர் எறங்க எறங்க எனக்கு உசிரு வரும்.

அப்புறம் ஒரு சித்திரை மாசம், கோயில் நோம்பிக்குத் தமயந்தி வந்திருந்தாள். வெயில் கொளுத்துது. இந்த மனுஷன் ஒரே ஒரு எளநின்னு கேட்டார். மாட்டேன்னேன். மூணு வருஷமாக் கேட்காத ஆளு, அன்னிக்குக் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். ஆயிரம் மரத்திலே ஏத்தமும் எறக்கமுமா இருந்த கையி, ஒரு எளநிக்குக் கையேந்துது. என்னாலே பார்க்க முடியலை. தமயந்திகிட்டே ஒரு எளநி வெட்டச் சொன்னேன். அவ வெட்டினாள், நான் தம்ளரிலே ஊத்திக் குடுத்தேன். ஒரு சொட்டு விடாமக் குடிச்சுட்டு, தம்ளரைக் கவுத்து நாக்கிலே தட்டிக்கிட்டார். மறுநாள் வெடியால பல்லு வெளக்கிட்டு இருந்தவர் அப்படியே செவுத்திலே சாஞ்சார்.

அதை நாங்க ரெண்டு பேரும் யார்கிட்டேயும் சொல்லலை. மோகனாகிட்டேகூட. உன்கிட்டே சொல்லிட்டேன் பாரு. இந்த மாதிரி பக்கத்து சீட்டிலே இருக்கிறவங்ககிட்டேதான் வாயிலே வருது.

தமயந்தி புருஷன் அதுக்கு முன்னாலேயே போயிட்டான். அண்ணனும் போனதுக்கப்புறம் எதுக்கு ரெண்டு வீடு, ரெண்டு அடுப்புன்னு என்கூடவே வந்துட்டாள். ரெண்டு பேரும் ஒரே நார் மில்லுக்குப் போவோம், ஒரே தூக்குப்போசியிலே சோறு. என்னை நங்கையான்னு கூப்பிடுவாள். அண்ணன் பொண்டாட்டியை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடறது. அவ கூப்பிட்டா கடைசி எழுத்து நீண்டுட்டே போகும், கெணத்துக்குள்ளே சத்தம் போட்ட மாதிரி.

ரெண்டு வருஷம் கழிச்சு அவ மொகம் மாறுச்சு.

முதல்லே கன்னம் ரெண்டும் உப்பிட்டு வந்தது. மில்லிலே கேலி பண்ணுவாளுக. புருஷன் போன பொம்பளைக்குக் கன்னம் பூசுது, நங்கையா நெய்யாப் போட்டுப் பிசையறா போலன்னு. வயிறு முன்னாலே தள்ளுச்சு, கையும் காலும் மட்டும் குச்சியாப் போச்சு. வயித்திலே கத்தரிப்பூ நெறத்திலே கோடு கோடா விழுந்தது. கையைப் பிடிச்சா பிடிச்ச எடத்திலே நீலம் கட்டிக்கும். சிவப்பா இருந்தவள் கறுத்தாள். தூக்கம் போச்சு. நார் உதறக் குத்த வெச்சு உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது, ரெண்டு பேரு கை குடுக்கோணும். இதிலே மேல் உதட்டிலே முடி வேற. ஒரு நாள் கண்ணாடியிலே பார்த்துட்டுச் சிரிச்சாள். 'நங்கையா, எங்கண்ணன் மாதிரியே மீசை வருது பாருங்க'ன்னாள். நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா, அம்மிணி, அதே மொகம். கடைசி வருஷம் நீர் கோத்து வீங்கி, கறுத்து, கண்ணு ரெண்டும் உள்ளே போன அவரோட மொகம். அச்சு அசல். கூடப் பிறந்த ரத்தம்தானே. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவரைக் கொண்டு போனது இவளுக்கும் வந்துருச்சுன்னு.

மோகனா லீவு போட்டு வந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாள். என்னென்னவோ எடுத்தாங்க. கடைசியிலே கண்ணாடி டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, தாளிலே படம் போட்டுக் காட்டினார். நெஞ்சுக்குள்ளே, நுரையீரல் ஓரத்திலே ஒரு சின்னக் கட்டியாம், புளியங்கொட்டை அளவு. அது சும்மா இருக்காதாம், ஒரு நீரைச் சுரந்து விட்டுட்டே இருக்குமாம். அது போய், கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பியை வேலை வாங்குமாம். மனுஷனுக்குப் பயம், ஆபத்துன்னா அந்தச் சுரப்பி ஒண்ணைச் சுரக்கும், கார்ட்டிசால்னு பேரு. நமக்குச் சுரந்துட்டு நின்னுரும். இவங்களுக்கு நிக்காமச் சுரக்குது, இருபத்து நாலு மணி நேரமும் ஒடம்பு பயந்துட்டே இருக்குதுன்னார். அதனாலேதான் சக்கரை, பிரஷர், வீக்கம் எல்லாம். அதனாலேதான் பொட்டாசியம் மூத்திரத்திலேயே போயிட்டிருக்குது, இப்போ ரெண்டரைதான் இருக்குதுன்னார்.

கிட்னின்னார். பொட்டாசியம்னார். எனக்கு அது போதாதா?

மோகனா கேட்டுட்டுத்தான் இருந்தாள், நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். கம்மியா இருக்குது, ஏத்தோணும்னு அவர் சொன்னது என் காதிலே விழாம இல்லை. விழுந்தது. ஆனா எளநி குடிச்சா தெம்புன்னு சொன்னவரும் ஒரு டாக்டர்தானே. அவர் சொன்னாரு, இவர் சொன்னாருன்னு கேட்டு என் தாலியைக் கொண்டு போய்க் குடுத்தவள் நான். டாக்டருங்க மாத்தி மாத்திச் சொல்லுவாங்க. நான் கண்ணாலே பார்த்தவள்.

வார்டிலே எட்டு நாள் வெச்சு ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. ரெண்டரை மூணு புள்ளி ஏழாச்சு. எந்திரிச்சு நடந்தாள், பாத்ரூமுக்குத் தானே போயிட்டு வந்தாள். நெஞ்சைத் திறக்கிற பெரிய டாக்டரோட தேதி பதினெட்டு நாள் தள்ளிக் கிடைச்சது. அது வரைக்கும் இங்கேயே இருந்தா வேற கிருமி ஒட்டிக்கும், இந்த ஒடம்பு தாங்காது, வீட்டிலே வெச்சுப் பாருங்கன்னு அனுப்பிச்சாங்க. ஒரு சிரப் குடுத்தாங்க, நாளைக்கு மூணு வேளை. வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. மூணரைக்குக் கீழே போகாமப் பார்த்துக்கங்க, போச்சுன்னா மயக்க மருந்து குடுக்க முடியாது, ஆபரேஷன் நடக்காதுன்னு கண்ணாடி டாக்டர் சொன்னார்.

மோகனாவுக்கு லீவு தீர்ந்து போச்சு. போறப்போ என் ரெண்டு கையையும் பிடிச்சுட்டாள். 'அத்தை, மாமாவுக்கு எறங்கோணும். அம்மாவுக்கு ஏறோணும். ரெண்டும் வேற வேற. எளநி, வாழைப்பழம் எல்லாம் தாராளமாக் குடுங்க.'

சரி கண்ணுன்னேன். இருபத்தாறு வயசுப் பிள்ளை. அது பால் குடிக்கிறப்போ அதோட வயித்துக்கு என்ன ஆகும், ஆகாதுன்னு பார்த்தவள் நான். அதுகிட்டே என்ன பேச்சு. சரி கண்ணு, போயிட்டு வான்னு அனுப்பிச்சுட்டு, அன்னிக்குப் பொழுதோடவே பழைய வடிதட்டைத் தேடி எடுத்தேன். அவர் போனதுக்கப்புறம் பரண்மேலே கிடந்தது. புளி போட்டுத் தேய்ச்சேன், பளபளன்னு ஆச்சு.

பதினாலு நாள், அம்மிணி. வெடியால எந்திரிச்சதும் காய் அரிவேன். சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணிக்காய். நகத்தளவுக்கு அரிவேன். ஊறப் போட்டு, கொட்டி, வேக வெச்சு, வடிச்சு. பருப்பையும் விடலை, அதையும் வடிச்சுத்தான் கடைஞ்சேன். மில்லுக்கு லீவு சொல்லிட்டேன். வீட்டுக்குப் பின்னாலே பொடக்காளியிலே வடிச்ச தண்ணியைக் கொட்டுவேன். அது மஞ்சளாவும் பச்சையாவும் நுரைச்சுட்டு வாழைக்குள்ளே ஓடும். ஓடறதைப் பார்த்துட்டு நிற்பேன். போ, போ, என் கொழுந்தியாளை விட்டுப் போன்னு சொல்லிட்டு நிற்பேன்.

சிரப்பா? குடுத்தேன். குடுக்காம இல்லை. அது என்ன கருமமோ, உப்பும் கசப்புமா. குடிச்சதும் குமட்டுவாள், வயிறு எரியுதும்பாள், கண்ணிலே தண்ணி வரும். மூணு வேளை பார்த்தேன். அப்புறம் ஒரு மூடியை அரை மூடியாக்கினேன். அப்புறம் ஒரு வேளையாக்கினேன். பாட்டில் கொறையாம இருந்தா மோகனா சத்தம் போடும்னு மிச்சத்தைப் பொடக்காளியிலே ஊத்திட்டேன். மருந்துன்னு ஒரு பாவப்பட்ட ஜீவனை எத்தனைதான் வதைக்கிறது. மத்த மாத்திரை எல்லாம் வேளை தவறலை. ஏழு மாத்திரை. ஒண்ணு விடலை.

முதல் வாரம் ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு புள்ளி ஒம்பது. எறங்கி இருந்தது.

உனக்குச் சொன்னா நம்ப மாட்டே, எனக்குக் கால் தரையிலே பாவலை. ஆஸ்பத்திரிக்காரங்க ட்ரிப்ஸ் ஏத்தி மூணு புள்ளி ஏழாக்கி வெச்சதை என் கை ஏழே நாளிலே எறக்கி இருக்குது. ஜெசிந்தா சிஸ்டர் இருந்திருந்தா நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கும். டாக்டர் சிரப்பைக் கூட்டிக் குடுக்கச் சொன்னாருன்னு மோகனா போனிலே அழுதாள். சிரப் குடுக்கறீங்களா அத்தை, குடுக்கறீங்களா அத்தைன்னு கேட்டாள். குடுத்துட்டுத்தான் இருக்கேன் கண்ணு, நீ வேலையைப் பாருன்னேன். அது பொய்யில்லை. அந்த வேளையும் அரை மூடி குடுத்திருந்தேன்.

தமயந்தி நடக்கறது கொறைஞ்சு போச்சு. செவுத்தைப் பிடிச்சு நடந்தவள் உட்கார்ந்தே நகர்ந்தாள். காலிலே கொரக்களி பிடிச்சு இழுக்கும், நான் எண்ணெய் போட்டு நீவி விடுவேன். இது ஒரு கட்டம், இதைத் தாண்டினா சரியாயிரும்னு சொல்லிட்டே இருப்பேன். அவரும் அப்படித்தான் இருந்தார், தாண்டி வந்தாரில்லே.

ரெண்டாம் வாரம் ரெண்டு புள்ளி மூணு. லேப்பிலே இருக்கிற பொண்ணு போனிலே என்கிட்டே சொல்லிட்டு, அதுவே மோகனாவுக்கும் சொல்லி இருக்குது. மோகனா டாக்டருக்குச் சொல்லி, டாக்டர் உடனே கூட்டிட்டு வரச் சொல்லி, மோகனா அங்கே இருந்து கெளம்பிட்டேன், ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன், அம்மாளை ரெடி பண்ணுங்கன்னு மறுபடி போன் பண்ணினாள். அப்போ காலையிலே பத்து மணி இருக்கும்.

அதுதான் கடைசின்னு எனக்குத் தெரியுமா? சீலை மாத்தி விட்டேன், தலை வாரி விட்டேன். பக்கத்து வீட்டு வேலாத்தா, சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோட வரக்கூடாதுன்னு ரெண்டு எளநி சீவிக் கொண்டு வந்து வாசப்படியிலே வெச்சுட்டுப் போயிருந்தாள். தமயந்தி அதையே பார்த்துட்டுக் கிடந்தாள். கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள். கை வரலை. வெரல் மட்டும் அசைஞ்சது.

'நங்கையா, நாக்கு ஒட்டுது. ஒரு வாய் குடுங்க.'

'சும்மா கெட. தண்ணி தர்றேன்.'

'தண்ணி வேண்டாம். அது வேணும்.'

நான் தலையை வாரிட்டே இருந்தேன். அவ மெதுவாச் சொன்னாள்.

'எங்கண்ணனுக்குக் குடுத்தீங்கல்ல.'

கோவமாச் சொல்லலை, அம்மிணி. குத்திக் காட்டலை. அண்ணன் மேலே அத்தனை பிரியம் வெச்சிருந்தீங்களே, என் மேலே இல்லையாங்கிற மாதிரி கேட்டாள். எனக்குச் சீப்பு கையிலே இருந்து விழுந்துருச்சு. அவ மொகத்தைத் திருப்பி என் பக்கம் வெச்சுட்டுச் சொன்னேன்.

'குடுத்தேன். அதனாலேதான் உனக்குக் குடுக்க மாட்டேன்.'

அவ சிரிச்சாள். அந்த உப்பின கன்னத்திலே சிரிச்சா கண்ணு மூடிக்கும். சரிங்க நங்கையான்னாள். ரெண்டு எளநியையும் எடுத்துட்டுப் போய், அவ கண்ணிலே படாத எடத்திலே, பொடக்காளியிலே வெட்டிக் கவுத்திட்டு வந்தேன். வேலாத்தா வந்து குடுத்துரக் கூடாது பாரு.

ஆம்புலன்ஸ்லே ஏத்தறப்போ கண்ணு முழிச்சுட்டுத்தான் இருந்தாள். இந்த ரோட்டிலேதான் போனோம். இதோ இப்போ போச்சே ஒரு பெட்ரோல் பங்கு, அதைத் தாண்டறப்போ நெஞ்சு படபடங்குதுன்னாள். அப்புறம் ஒண்ணும் சொல்லலை. வண்டியிலே இருந்த பையன் மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கு அமுக்குன்னு அமுக்கினான். நான் காலைப் பிடிச்சுட்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

ஊரிலே ஒருத்தர் என்னைக் குத்தம் சொல்லலை. விதின்னாங்க. கட்டி உள்ளே பரவியிருக்கும்னாங்க. அண்ணனைக் கொண்டு போனது தங்கச்சியையும் கொண்டு போச்சுன்னாங்க. நானும் அதைத்தான் சொன்னேன்.

ஆனா அம்மிணி, அந்தப் பொடக்காளியிலே இப்போ நான் நிற்கறது கிடையாது. அங்கே வாழை ரெண்டு கட்டை இருந்தது, முன்னே நோஞ்சானா நின்னுட்டிருந்தது. அவ போனதுக்கப்புறம் அது பெருத்த பெருப்பைப் பார்க்கோணும். கறுப்பாப் பச்சை. தண்டு ரெண்டு கையாலே கட்ட முடியாது. இலை ஒவ்வொண்ணும் ஆள் படுக்கலாம். தார் விட்டுது பாரு, ஒம்பது சீப்பு, கட்டை சாஞ்சு போய் முட்டுக் குடுத்தாங்க. எல்லாரும் என்ன ஒரம் போட்டேன்னு கேட்கறாங்க. நான் என்ன ஒரம் போட்டேன்? ஒண்ணும் போடலை. பட்டப்பகலிலே அந்தப் பக்கம் போனா, இலைக்குப் பின்னாலே உப்பின கன்னத்தோட ஒருத்தி நிற்கிற மாதிரி இருக்கும். நல்லா தெம்பா நிற்கிற மாதிரி. காத்து அடிச்சா நங்கையா, நங்கையான்னு இழுத்துட்டே போகும். தாரை வெட்டி, மோகனா ஹாஸ்டலுக்கு ஒரு சீப்பு கொண்டு போனேன். வாங்கி மேசை மேலே வெச்சாள். அதையே பார்த்துட்டு நின்னாள். அடுத்த தடவை போறப்போ அங்கேயே, அதே எடத்திலே, கறுத்து ஒழுகிட்டு இருந்தது. எடுத்துக்கூட எறியலை.

இப்போ நான் எனக்கு ஆக்கறதுக்கும் காயை வடிக்க முடியலை. தண்ணி விழற சத்தம் கேட்க முடியலை. சுட்டுத் தின்னுக்கிறேன்.

கேட்கோணும்னு சொன்னேனில்லே, அது என்னன்னு சொல்லிடறேன். ஆஸ்பத்திரி வரப்போகுது.

அன்னிக்கு எல்லாம் முடிஞ்சு, துணி போட்டு மூடினதுக்கப்புறம், கண்ணாடி டாக்டர் வெளியே வந்தார். மோகனா அப்போத்தான் ஓடி வந்து நின்னாள். டாக்டருக்கு ஒண்ணும் பிடிபடலை. நான் அனுப்பிச்சப்போ நல்லா இருந்தாங்களே, மருந்து குடுத்தும் எப்படி இத்தனை எறங்குச்சுன்னு தனக்குத்தானே பேசிக்கிறார். அப்புறம் என்கிட்டே, வீட்டிலே என்னம்மா சாப்பிட்டாங்கன்னு கேட்டார்.

நான் சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். எப்படி அரிஞ்சேன், எத்தனை நேரம் ஊற வெச்சேன், எத்தனை தண்ணி வடிச்சேன், எளநியைக் கண்ணிலேகூடக் காட்டலை, வாழைப்பழத்தைப் படி ஏத்தலை. அழுதுட்டேதான் சொன்னேன், ஆனா தலை நிமிர்ந்து சொன்னேன். பதினாலு நாளும் ஒரு வேளை தப்பலை சார்ன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டினார். கோட்டிலே தொடைச்சார். போட்டார். மறுபடி கழட்டினார். யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டார். டயாலிசிஸ் சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்குன்னேன். மோகனா அப்படியே செவுத்தோட சரிஞ்சு தரையிலே உட்கார்ந்துட்டாள். அம்மாள் போன துக்கம், பாவம்.

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். அப்புறம் சொன்னார்.

'நல்லா பார்த்துக்கிட்டீங்கம்மா.'

அவ்வளவுதான். சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

நல்லா பார்த்துக்கிட்டேன்னு அந்த டாக்டரே சொல்லியாச்சு. அந்தப் பிள்ளை பக்கத்திலேயே இருந்து கேட்டாள். அப்புறம் எதுக்கு என் கையிலே தண்ணி வாங்கலை? அதுதான் எனக்குப் புரியலை. அது போகட்டும், அது சின்னப் பிள்ளை. எனக்கு அரிக்கறது வேற. நல்லா பார்த்துக்கிட்டீங்கன்னு சொல்றப்போ அந்த மனுஷன் என் மொகத்தைப் பார்க்கலை, அம்மிணி. தரையைப் பார்த்துச் சொன்னார். நல்லதைச் சொல்றவங்க எதுக்குத் தரையைப் பார்க்கோணும்? மொகத்தைப் பார்த்துத்தானே சொல்லோணும்? அதை ஒருக்கா, என் மொகத்தைப் பார்த்துச் சொல்லுங்க சார்னு கேட்கோணும். அதுக்குத்தான் மாசா மாசம் வர்றேன். இந்த நாலஞ்சு மாசமாத்தான்.

நீ எதுக்கு அழுவறே? உங்க அம்மாவுக்குத் தைராய்டுதானே. ஒண்ணும் ஆகாது.

இல்லை, நீ எதையோ சொல்ல வாயெடுக்கறே. வேண்டாம். படிச்ச பிள்ளைங்க மொகம் எனக்குத் தெரியும், மோகனா மொகமும் இப்படித்தான் ஆச்சு. வேண்டாம், கண்ணு. ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் அவர்கிட்டேயே கேட்டுக்கிறேன். நீ பார்க்கப் போறே, பார்த்தா அவர்கிட்டேயும் கேட்டுப் போடாதே. இப்படி ஒருத்தி பஸ்ஸிலே வந்தாள்னு வாயை விட்டுராதே. எனக்காகக் கேட்க மாட்டேன்னு சொல்லு. சொல்லு. ஆங், அது போதும்.

கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். ஆஸ்பத்திரி ஸ்டாப்புதான் இது. கவரை மறந்துராதே. படியிலே பார்த்து எறங்கு, கூட்டம் தள்ளும்.

நானா? நீ எறங்கு அம்மிணி. நான் கடைசி ஸ்டாப்பு, உக்கடம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். எப்பவும் அப்படித்தான் எடுக்கறது.